ஊசி காட்டின உசரம்

ஜன்னலோரம் நானே உக்காந்துக்கறேனுங்க தம்பி, கோவிச்சுக்காதீங்க. வெளிய பார்த்துட்டே போனாத்தான் வண்டி எந்தப் பக்கம் போகுதுன்னு நமக்கு ஒரு பிடி இருக்கும். போர்டுல சென்னைன்னு எழுதியிருக்கு, வாஸ்தவம். எழுதினதெல்லாம் நம்பிட முடியுமுங்களா?

ரயில்ல போகலாமேன்னு என்ற சம்சாரம் சொன்னா. ரயில்னா பேரு, வயசு எல்லாம் குடுக்கோணும். சென்னியப்பன் இன்ன பெட்டியில இன்ன சீட்டுல வர்றான்னு எவனோ ஒருத்தன் கம்ப்யூட்டர்ல பார்த்துட்டு இருப்பான். பஸ்ஸுன்னா அந்தத் தொல்லை இல்லீங்க. நீங்க எங்கே இறங்கறீங்க? தாம்பரமா? ஏர்போர்ட்டுல வேலை கீலை பாக்கலையே? சரி சரி, சும்மா கேட்டேன்.

நான் விசாரணைக்குப் போறேனுங்க. அப்படிப் பார்க்காதீங்க, வெட்டுக் குத்து இல்லை. விமானம் ஓட்டினதுக்கு. ஆமாங்க, விமானந்தான். ரெண்டு பேர் உக்கார்ற சின்ன விமானம், என்ற சொந்த விமானம். பம்பு செட்டுப் பட்டறை வெச்சிருந்தவன் நான். அம்பது வயசுக்கு மேல பரீட்சை எழுதி, டாக்டர்கிட்ட உடம்பைக் காட்டி, முறையா லைசென்ஸ் வாங்கினவன். மேல போயிட்டா ஒரு பயலும் பக்கத்துல இருக்கமாட்டான் பாருங்க, அந்த நிம்மதி எனக்குப் பூமியில எங்கேயும் கிடைச்சதில்லை.

இன்னைக்கு அங்கே ஒரே ஒரு கேள்விதான் கேப்பாங்க. "அந்தப் பொண்ணு உங்களை முன்னாடியே எச்சரிச்சாளா, இல்லையா?" இல்லைன்னு சொன்னேன்னா என்ற லைசென்ஸ் திரும்பி வந்துரும், அவ வேலைக்கு உலை வெச்சிருவாங்க. ஆமான்னு சொன்னேன்னா அவ தப்பிச்சுக்குவா, நான் இந்த ஜென்மத்துல விமானத்தைத் தொட முடியாது. என்ன சொல்றதுன்னு முடிவு பண்ணித்தான் பஸ் ஏறியிருக்கேன். முழுசும் கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, நான் செய்யறது சரியா இல்லையான்னு.

அந்தப் பொண்ணு பேரு மைதிலிங்க. பெரிய ஏர்போர்ட்டுல டவர்ல உக்காந்துட்டு, எந்த விமானம் எங்கே போகோணும், எத்தனை உசரத்துல போகோணும்னு ரேடியோவுல சொல்ற வேலை. எங்க விமான கிளப்போட ஓடுதளம் அந்த ஏர்போர்ட்டுக்குப் பக்கத்துலயே இருக்கு. அதனால நாங்க எந்திரிக்கறதுன்னாலும் அவளைக் கேக்கோணும், உக்கார்றதுன்னாலும் அவளைக் கேக்கோணும். எங்களுக்கு உத்தரவு மூவாயிரம் அடிக்குக் கீழதான். அதுக்கு மேல பெரிய விமானம் எல்லாம் இறங்கற பாதை.

இவ யாருன்னு கேளுங்க. என்ற பழைய சிநேகிதன் நாச்சிமுத்துவோட மக. என்ற பையன் பூபதிக்குப் பேசி முடிச்ச பொண்ணு. வெத்தலை பாக்கு மாத்தறதுக்கு நாள் குறிச்ச பொறவு நான்தான் வேண்டாம்னு நிறுத்தினேன். ஏன்னா, நாச்சிமுத்து எல்லாத்துக்கும் சரின்னானுங்க. மண்டபம் நான் சொன்னதுக்குச் சரி, தேதி நான் சொன்னதுக்குச் சரி, சமையக்காரன் நான் சொன்னதுக்குச் சரி. பொண்ணைப் பெத்தவன் ஒண்ணுக்காவது மூஞ்சியைச் சுளிக்கோணுமா இல்லையா? சுளிக்காம இருக்கான்னா உள்ளே ஏதோ சமாச்சாரம் இருக்குதுன்னுதானே அர்த்தம்? என்ன சமாச்சாரம்னு இன்னைக்கு வரைக்கும் தெரியலை. அவ்வளவு கெட்டிக்காரத்தனமா மறைச்சுட்டாங்க.

பூபதி மூஞ்சியைத் தூக்கி வெச்சுட்டு பம்பாய்க்கு வேலைக்குப் போனான். பொறவு ஹேமலதான்னு நம்ம பக்கத்துப் பொண்ணாத்தான் பார்த்துக் கட்டி வெச்சோம். இந்த மைதிலி படிப்பை முடிச்சு, எங்கெங்கேயோ வேலை பார்த்துட்டு, நேரா எங்க ஊர் டவருக்கே வந்து உக்கார்றா. தற்செயலாம். நீங்க நம்புவீங்களா?

வந்ததுல இருந்து ரேடியோவுல அவ குரல்தான். மரியாதையாத்தான் பேசுவா. அதுதானுங்க எனக்கு உதைச்சுது. கோவமா நாலு வார்த்தை பேசியிருந்தா நான் நிம்மதியா இருந்திருப்பேன்.

இப்ப ஒரு சங்கதி சொல்றேன், இதைக் கவனமாக் கேட்டுக்கோங்க. விமானத்துல உசரம் காட்டற கடிகாரம் ஒண்ணு இருக்கும், நம்ம சுவர்க் கடிகாரமாட்டவே ஊசி வெச்சு. அது காத்தோட அழுத்தத்தைப் பார்த்துத்தான் உசரம் சொல்லும். காத்து ஒரு நாளைப் போல ஒரு நாள் இருக்காது. அதனால தினமும் டவர்ல அன்னைக்கு அழுத்தம் இத்தனைன்னு ஒரு நம்பர் சொல்லுவாங்க. கடிகாரத்துல ஒரு திருகு இருக்கும், அதைத் திருகி அந்த நம்பரை வெச்சுக்கோணும். அப்பத்தான் ஊசி நிசத்தைச் சொல்லும். அவங்க சொன்ன நம்பரை நாம ரேடியோவுல அப்படியே திருப்பிச் சொல்றதும் ஒரு வழக்கம். நாம சரியாக் கேட்டுக்கிட்டோம்னு அவங்களுக்குத் தெரியறதுக்கு.

இதெல்லாம் எனக்குத் தெரியாம இல்லீங்க. பரீட்சையில எழுதி பாஸ் பண்ணினவன். ஆனா காலையில விமானம் நிறுத்தற கொட்டகையைத் திறந்து பார்த்தா, நேத்து நான் விட்டுட்டுப் போன இடத்துல ஊசி இருக்காது. இன்னைக்கு இக்கட்ட நிக்கும், நாளைக்கு அக்கட்ட நிக்கும். எங்க கிளப்புல மெக்கானிக் ஜெரால்டுன்னு ஒருத்தர், அவர்கிட்ட கேட்டேன். காத்தழுத்தம் மாறுனா ஊசி நகரத்தானுங்கய்யா செய்யும்னு சொல்லிட்டு ஸ்பேனரைத் துடைச்சுட்டே போயிட்டாரு. மாறும், ஒத்துக்கறேன். அதுக்குன்னு அவ்வளவா மாறும்? கொட்டகைச் சாவி ஒண்ணு அவர்கிட்டயும் இருக்கு பாருங்க.

ஐப்பசியில புயல் வந்து ஒரு வாரம் விடாம மழை கொட்டுச்சே, அப்ப ஒரு நாள் கொஞ்சம் வெறிச்சதும் நானே உக்காந்து, டவர்ல சொன்ன நம்பரைச் சரியா வெச்சேன். ஓடுதளத்தோட உசரமும் ஊசியும் கிளீனா ஒத்துப்போச்சு. உடனே அந்தத் திருகு மேல ஒட்டு நாடாவைச் சுத்தி, அது மேல என்ற கையெழுத்தையும் போட்டுட்டேன். இனி எவன் கை வெச்சாலும் கிழிஞ்சிருக்கும், தெரிஞ்சுபோகும். ஆத்துல போட்டாலும் அளந்து போடோணுமுங்க. ஒட்டின பொறவு கீழ நிக்கறப்ப ஊசியைப் பார்க்கற வேலையையே விட்டுட்டேன். ஒட்டியாச்சு, கையெழுத்தும் இருக்கு, பொறவு எதுக்குப் பார்க்கோணும்?

அதுக்கப்புறமும் மைதிலி தினமும் ஒரு நம்பர் சொல்லுவா. நாளுக்கு நாள் ஏறிட்டே போகும் அந்த நம்பர். நானும் கணீர்னு திருப்பிச் சொல்லுவேன். ஆனா திருகைத் தொடமாட்டேன். திருப்பிச் சொல்றது என்ற வாயி, திருகறது என்ற கை. அவ சொல்ற நம்பரை வெச்சு நான் தப்பான உசரத்துல பறந்து மாட்டிக்கோணும், அதுதானே அவ கணக்கு? கல்யாணத்தை நிறுத்தினவனைச் சும்மா விடுவாளா எவளாவது?

நான் நினைச்ச மாதிரியே ஆச்சுங்க. மார்கழி பிறந்ததும் ரேடியோவுல ஆரம்பிச்சுட்டா. உங்க உசரத்தைச் சரிபாருங்கன்னு. நான் ஊசியைப் பார்ப்பேன், மூவாயிரத்துக்குக் கீழதான் நிக்கும். சரியா இருக்குன்னு சொல்லுவேன். பொறவு வேற விமானத்துக்காரன் எவன்கிட்டயாவது, நீ இன்னும் கொஞ்சம் மேலயே இருன்னு சொல்றது கேக்கும். என்னமோ சதி நடக்குதுன்னு அப்பவே எனக்குப் பொறி தட்டிருச்சு.

என்ற விமானத்துலயே ஒரு பெட்டி இருக்குதுங்க, அது பாட்டுக்கு நான் பறக்கற உசரத்தை டவருக்குச் சொல்லிட்டே இருக்கும். ஜெரால்டைக் கேட்டா, அது அந்தத் திருகுல நீங்க என்ன வெச்சிருக்கீங்கன்னு பார்க்காதுங்கய்யா, நேரா டவருக்குத்தான் சொல்லும், அங்கே அன்னைக்கு அழுத்தத்தை வெச்சுக் கணக்குப் போட்டுக்குவாங்க, அதனால அவங்களுக்குத் தெரியறதுதான் நிசம்னாரு. எப்படி இருக்கு பாருங்க. என்ற பெட்ரோலைக் குடிச்சுட்டு, என்ற விமானத்துலயே உக்காந்துட்டு, என்னைப் பத்தி அவகிட்ட தாக்கல் சொல்லிட்டிருக்கு. அதோட விட்டாரா, அந்த நாடாவை எடுத்துருங்கய்யான்னாரு. அட, இவரு கண்ணு நாடா மேலயே இருக்குதேன்னு நான் இன்னொரு சுத்துச் சுத்தினேன்.

ஒரு நாள் சாயங்காலம் அவளே வந்துட்டா. கிளப்புக்கு, ஸ்கூட்டர்ல. நான் கொட்டகையைப் பூட்டிட்டு இருந்தேன், ஜெரால்டு பக்கத்துல நின்னுட்டிருந்தாரு. வேலையில இருக்கறவ, ஓட்டறவனைத் தேடி இப்படித் தனியா வரக்கூடாதுங்க. எழுதி மேலிடத்துக்கு அனுப்போணும், அதுதான் முறை. அப்ப முறையை மீறி வர்றான்னா எவ்வளவு பெரிய காரியம் இருக்கோணும்?

வந்து நின்னு, "மாமா, உங்க ஊசி பொய் சொல்லுதுங்க மாமா. நீங்க மூவாயிரத்துக்குக் கீழ இருக்கறதா நினைச்சுட்டு மேல பறக்கறீங்க. நான் எழுதிக் குடுத்தா உங்க லைசென்ஸ் போயிரும். எழுத மனசு வரலை. தயவுபண்ணி நான் சொல்ற நம்பரை வையுங்க"ன்னா.

மாமாவாம். கல்யாணப் பேச்சு நடக்கறப்ப கூப்பிட்ட அதே மாமா. சரி கண்ணு, பார்க்கறேன்னு அனுப்பி வெச்சேன். அவ போனதும் ஜெரால்டு என்ற மூஞ்சியையே பார்த்துட்டு நின்னாரு. உங்களுக்குத் தாக்கல் முன்னாடியே வந்திருச்சாட்டம் இருக்குன்னு அவர்கிட்ட ஒரு வார்த்தை விட்டேன். மனுஷன் விறுவிறுன்னு போயிட்டாரு. குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும்?

வீட்டுல சரோஜினிகிட்ட சொன்னேன். சரோஜினிதான் என்ற சம்சாரம். அவ கீரையை ஆய்ஞ்சுட்டே, அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயின்னா. கல்யாணம் ஆனதுல இருந்து அவ இதைத்தான் சொல்லிட்டிருக்கா. நாச்சிமுத்து சம்சாரமும் இவளும் கோயில்ல பார்த்தா இன்னும் பேசிக்கறாங்கன்னு எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுட்டிருக்கா.

தண்ணி குடிக்கறீங்களா? வேண்டாமா? சரி. நானும் யாரு குடுத்தாலும் வாங்கமாட்டேன்.

தை மாசம் பூபதி ஊருக்கு வந்தான். குழந்தை பொறந்த பொறவு மொதல் தடவை. பேத்தியை நான் போன்லதான் பார்த்திருக்கேன், கையில வாங்கினதில்லை. சரோஜினி வாசல் நிறையக் கோலம் போட்டு வெச்சிருந்தா. எனக்கு ஒரு ஆசைங்க. எல்லாரும் ஏர்போர்ட்டு வாசல்ல நின்னு வரவேப்பாங்க, நாம மேல போய் நின்னு வரவேத்தா என்னன்னு. அந்த விமானம் இறங்கி வர்ற பாதைக்குக் கீழ, நமக்கு உத்தரவான உசரத்துக்குள்ள நின்னு, பேத்தி வர்ற விமானத்தைக் கண்ணால ஒரு தடவை பார்த்துட்டு வந்துரலாம்னு. கிளம்பறதுக்கு முன்னாடி டவருக்குப் போன் பண்ணினப்ப அவதான் எடுத்தா. என்னையறியாம வாய் விட்டுட்டேன், பம்பாய் விமானத்துல என்ற பையன் வர்றான், பேத்தி வர்றான்னு. சந்தோசங்க மாமா, ஆனா இறங்கற பாதைப் பக்கம் வராதீங்க, ஏரிக்கு இந்தப் பக்கமே இருங்கன்னா. வேற ஆளா இருந்தா கேட்டிருப்பேன்.

மேகமே இல்லீங்க அன்னைக்கு. குளிர்ந்த காலை. ஏரியைத் தாண்டி வட்டம் போட்டுட்டு இருந்தேன். ஊசி மூவாயிரத்தைத் தொடலை, நான் சத்தியம் பண்ணுவேன். ரேடியோவுல அவ என்னைக் கூப்பிட்டா. உடனே கீழ இறங்குன்னு இங்கிலீசுல. நான் மூவாயிரத்துக்குக் கீழதான் இருக்கேன்னு சொன்னேன். மறுபடியும் உடனே இறங்குன்னா. குரல்ல ஒரு அவசரம். நான் மறுபடியும் அதையேதான் சொன்னேன். பதிவாகுது பாருங்க, எனக்கு எதிரா ஒரு வார்த்தை வாயில வந்துரக் கூடாதுன்னு நிதானமாச் சொன்னேன்.

அப்பத்தானுங்க அவ தமிழ்ல பேசினா. ரேடியோவுல அப்படிப் பேசவே கூடாது. "மாமா, கீழ வாங்க. பூபதி அதுல இருக்கான்"னா.

என்ற கை தானா விமானத்தோட பிடியை முன்னாடி தள்ளிருச்சுங்க. நான் ஊசியைப் பார்க்கலை. இத்தனை வருசத்துல ஊசியைப் பார்க்காம நான் இறங்கினது அந்த ஒரு தடவைதான். மூக்கைக் கீழ குத்திட்டு இறங்கறப்ப தலைக்கு மேல சூரியனை எதுவோ மறைச்சுது. அண்ணாந்து பார்த்தா அந்த விமானத்தோட வயிறு. எழுத்தெல்லாம் தெரியுது. சக்கரத்தை உள்ளே இழுத்துட்டு, சத்தம் போட்டுட்டு மேல ஏறித் திரும்புது. அவதான் அதை ஏறச் சொல்லியிருக்கா. என்ற விமானம் அந்தக் காத்துல ஆடோ ஆடுன்னு ஆடுச்சு. பயந்துட்டேனுங்க. அதைச் சொல்றதுல எனக்கு வெக்கம் இல்லை.

இறங்கி, காரை எடுத்துட்டு நேரா ஏர்போர்ட்டுக்குப் போனேன். பூபதி வெளிய வந்தான். ஹேமலதா குழந்தையை நெஞ்சோட அணைச்சுப் பிடிச்சிருந்தா. நான் குழந்தைக்குக் கையை நீட்டினேன்.

"குறுக்க ஒரு சின்ன விமானம் வந்திருச்சுன்னு பைலட் சொன்னாரு. நீங்கதானாப்பா?"ன்னு பூபதி கேட்டான்.

ஊசி மூவாயிரத்துக்குக் கீழதான்டா இருந்துதுன்னு சொன்னேன். அவன் குழந்தையை எங்கிட்டக் குடுக்கலை. டாக்சி பிடிச்சு மாமனார் வீட்டுக்கே போயிட்டாங்க. நீட்டின கையை எங்கே வெச்சுக்கறதுன்னு தெரியாம நின்னேனுங்க. வீட்டுக்குப் போனா, சரோஜினி கோலத்துல நான் காலை வெச்சுட்டேன்னு கூட அவ என்னைத் திட்டலை.

அன்னைக்கே லைசென்சை வாங்கி வெச்சுட்டாங்க. வந்த ஆபீசருங்க கடிகாரத்தைப் பார்த்தாங்க. நாடா கிழியலை, என்ற கையெழுத்து அப்படியே இருக்கு. பார்த்தீங்களா, யாரும் தொடலைன்னு காட்டினேன். அதுதானுங்க விசயமே, நீங்களும் தொடலைன்னாரு ஒருத்தரு. ஐப்பசி மழையில காத்தழுத்தம் கம்மி, அப்ப வெச்ச நம்பர் தையில எப்படி ஒத்துவரும், ஊசி முந்நூறு நானூறு அடி கம்மியாக் காட்டியிருக்குன்னு படம் போட்டுக் காட்டினாரு. படத்துல சரியாத்தான் இருந்துது. படம் போடறவன் அவனுக்குத் தோதாத்தானே போடுவான்?

இனிமேத்தான் இருக்கு சங்கதி. மொதல் விசாரணையில மைதிலியைக் கூப்பிட்டுக் கேட்டிருக்காங்க. அவ என்ன சொன்னான்னு எனக்குப் படிச்சுக் காட்டினாங்க. அவரு ஊசி தப்பாக் காட்டறது அவருக்குத் தெரியாது, நான் உசரத்தைச் சரிபாருங்கன்னு பொதுவாத்தான் சொன்னேன், வெளிப்படையா எச்சரிக்கலை, மேலிடத்துக்கும் எழுதலை, தப்பு என்னுதுன்னு சொல்லியிருக்கா. கிளப்புக்கு வந்ததைப் பத்தி வாயே திறக்கலை. ஸ்கூட்டர்ல வந்தது, மாமான்னு கூப்பிட்டுக் கெஞ்சினது, ஒண்ணும் கிடையாது.

ஏன்னு புரியுதுங்களா? தெரியாமப் பண்ணினவனுக்கு மறுபடி ஒரு பரீட்சை, அவ்வளவுதான். சொல்லியும் கேக்காம தெரிஞ்சே பண்ணினவனுக்கு வாழ்நாளைக்கும் கிடையாது. அதனால அந்தப் பொண்ணு எல்லாத்தையும் தன் தலையில போட்டுட்டு உங்களைக் காப்பாத்தறாங்கன்னு சரோஜினி அழுதா. பூபதி போன்ல ஒரே ஒரு வார்த்தை சொன்னான், உங்களுக்குத் தோணறதைச் செய்யுங்கப்பான்னு. ஜெரால்டு வேலையை விட்டுட்டு வேற கிளப்புக்குப் போயிட்டாரு, போறப்ப எங்கிட்ட சாவியை மட்டும் குடுத்தாரு.

எனக்கு ஒண்ணுதானுங்க புரியலை. காப்பாத்தறவ எதுக்குக் காப்பாத்தோணும்? நான் அவ கல்யாணத்தை நிறுத்தினவன். அவ அப்பன் என்னைப் பார்த்தா ரோட்டுக்கு அந்தப் பக்கம் போயிருவான். எனக்காக எவளாவது வேலையைத் தூக்கிக் குடுப்பாளா? பாம்புன்னு தாண்டவும் முடியலை, பழுதைன்னு மிதிக்கவும் முடியலை. பல நாள் தூக்கம் இல்லாம யோசிச்சேன். அப்புறந்தான் பிடிபட்டுது.

அது வலைங்க. அவ கிளப்புக்கு வந்தப்ப ஜெரால்டு பக்கத்துல நின்னாரு. சாட்சி இருக்கு. அவ போன்ல பதிவு கூடப் பண்ணியிருப்பா. இப்ப நான் போய், ஆமாங்க, என்னை யாரும் எச்சரிக்கலைன்னு ஒரு பொய் சொல்லிட்டா, டப்புனு சாட்சியைக் கொண்டாந்து நிறுத்துவா. லைசென்சும் போகும், பொய்யன்னு பேரும் வரும், ஊர்ல தலை நிமிர முடியாது. எவ்வளவு பொறுமையாப் பின்னியிருக்கா பாருங்க.

ஆனா நான் சென்னியப்பன். நான் அதுல காலை வெக்கமாட்டேன். இன்னைக்கு அத்தனை ஆபீசருங்க முன்னாடியும் எந்திரிச்சு நின்னு சொல்லப் போறேன். அவ வந்தா, எல்லாத்தையும் வெளிப்படையாச் சொன்னா, கெஞ்சினா, நான்தான் கேக்கலை, அவ மேல ஒரு தப்பும் இல்லைன்னு. லைசென்ஸ் போனாப் போகட்டும். அவ பின்னின வலை வீணாப் போகோணும், எனக்கு அதுதான் வேணும்.

என்னங்க தம்பி? சிரிக்கறீங்களா? இல்லையா? சரி.

அவளும் இன்னைக்கு வருவா. எனக்கு நேர் எதுக்காலதான் உக்கார வெப்பாங்களாம். நான் சொல்றப்ப அவ மூஞ்சியைப் பார்க்கோணும், அதுக்காகவேதான் இவ்வளவு தூரம் போறேன். கோவம் வந்துதுன்னா நான் நினைச்சது சரி. முழிச்சான்னாலும் நான் நினைச்சது சரி. எல்லாத்துக்கும் பதில் வெச்சிருக்கேனுங்க. அழுதுட்டான்னா மட்டும் என்ன பண்றதுன்னு தெரியலை.